லேபிள் படிக்கிறவங்களுக்கு எழுத்து தெரியாதுன்னு யார் சொன்னது?

வயது வந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அவங்களை எப்படிங்க வர வைக்கிறீங்க?" படிக்காதவர்களுக்குப் படிப்பில் ஆர்வம் இருக்காது, நாம்தான் அதை ஊட்ட வேண்டும் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருக்கிறது. பகல் முழுக்க மெஷினில் குனிந்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு, ராத்திரி ஏழரை மணிக்கு நோட்டும் பென்சிலுமாக வந்து நிற்கிற ஒரு பெண்ணுக்கு யார் போய் ஆர்வத்தை ஊட்டுவது? அது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. வந்த ஆர்வம் எதனால் கெடுகிறது, எந்த நாளில், யாருடைய எந்தப் பேச்சால் அவர் மறுநாள் வராமல் போகிறார் என்பதைத்தான் சொல்லிக்கொடுக்கிறவர் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நான் இருப்பது திருப்பூரில். பகலில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாலையில், மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ், 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத யாரும் இப்படிப்பட்ட மையத்தில் சேரலாம். சொல்லித் தருகிறவர்கள் என்னைப் போன்ற தன்னார்வலர்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு 2011 கணக்கெடுப்பைச் சொல்வேன். மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்தால் 73.44. அதாவது ஏழு வயதைத் தாண்டிய பெண்களில் நாலில் ஒருத்திக்கு மேல் எழுத்து தெரியாதவர். அந்த நாலில் ஒருத்தி எங்கோ மலைக்கிராமத்தில் மட்டும் இல்லை. நீங்கள் போட்டிருக்கிற டீ-சர்ட்டுக்குப் பிசிறு வெட்டியவர் அவராக இருக்கலாம்.

எங்கள் வகுப்பில் யார் யார் வருகிறார்கள் என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து லைன் வீட்டில் குடியிருக்கிற செக்கிங் அக்காக்கள். ஒரு காலத்தில் காடு தோட்டம் என்று இருந்து, இப்போது மகனோடு காலனி வீட்டில் இருக்கிற உள்ளூர் அம்மா ஒருவர். வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பத்துத் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர். ஒடிசாவில் கஞ்சம் பக்கத்திலிருந்து கணவனோடு வந்த ஓவர்லாக் டெய்லர். மருமகள் கையில் பேரனைக் கொடுத்துவிட்டு வருகிற இட்லிக்கடைப் பாட்டி. எப்போதாவது தலை காட்டுகிற ஆண்கள். இருபத்தாறு வயதுக்காரியும் அறுபதைத் தாண்டியவரும் ஒரே பாயில் உட்காருகிற வகுப்பு இது. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள் ஒரு வயது வித்தியாசம் இருக்கும். இங்கே தலைமுறை, சாதி, மொழி, ஊர், கடன், உடல்நிலை எல்லாமே வேறு வேறு. பொதுவாக இருப்பது ஒன்றுதான். ஒடிசாக்காரரைத் தவிர மற்றவர்களைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாருக்கும் வசதிப்படவில்லை.

முதல் நாளில் எல்லோரும் சொல்வது, "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங் டீச்சர்." இதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. செக்கிங்கில் இருக்கிற அக்காவிடம் நாலு பனியனைக் கொடுத்தால் எஸ், எம், எல், எக்ஸெல் என்று கண்மூடித் திறப்பதற்குள் பிரித்து அடுக்கிவிடுவார். "இது என்னக்கா?" என்று கழுத்து லேபிளைக் காட்டினால், "எக்ஸெல்லு." "எப்படித் தெரியும்?" "பாத்தாத் தெரியாதா?" பார்த்தால் தெரிவதற்குப் பெயர்தான் படிப்பு. அதுவும் அவர் படித்தது ஆங்கில எழுத்து. அதே போல, செல்போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பெயரின் நீளத்தையும் முதல் எழுத்தின் வளைவையும் வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். பஸ் நம்பர் தெரியும். ரூபாய் நோட்டு தெரியும். மாத்திரைச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையும் ராத்திரியும், மத்தியானம் கிடையாது என்று தெரியும். ஆகவே முதல் வகுப்பில் அ, ஆ எழுதுவதில்லை. லேபிள், பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, யாருக்கு எது தெரிகிறதோ சொல்லுங்கள் என்பேன். அரை மணி நேரத்தில் அறை சந்தைக்கடை ஆகிவிடும். ஒண்ணுமே தெரியாது என்று சொன்னவர்கள், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நான் கேட்கிற கேள்வி எழுத்தைப் பற்றியதே இல்லை. "ஊசியில நூல் கோக்க முடியுதா?" என்று கேட்பேன். இதற்கு யாரும் கூச்சப்படாமல் பதில் சொல்வார்கள். "எங்கங்க, பக்கத்து மெஷின் புள்ளையத்தான் கூப்பிடுறேன்" என்று சொல்பவருக்கு வெள்ளெழுத்து வந்திருக்கிறது என்று அர்த்தம். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்குவது எல்லோருக்கும் நடப்பது. நம்மைப் போன்றவர்கள் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கும்போது தெரிந்துகொண்டு கண்ணாடி வாங்கிவிடுவோம். வாழ்க்கையில் புத்தகமே பிடிக்காதவருக்குத் தன் பார்வை மங்கியது எப்படித் தெரியும்? ட-வும் ப-வும் ம-வும் ஒன்றாகத் தெரிகின்றன. "எனக்கு மண்டையில ஏறல" என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டு நின்றுவிடுகிறார். வயது வந்தோர் வகுப்பை விட்டு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் இந்தக் காரணத்துக்காக ஓடியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கண் சிகிச்சை முகாமுக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கித் தந்ததும், இட்லிக்கடைப் பாட்டி பாடப் புத்தகத்தை எடுக்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தந்த எந்த ஊக்கப் பேச்சும் அந்தக் கண்ணாடி செய்த வேலையைச் செய்ததில்லை.

அடுத்தது பாடம். பெரியவர்களுக்கு எதைச் சொல்லித் தருவது என்ற கேள்விக்கு உலகத்தின் இரண்டு மூலைகளில் கிடைத்த பதில்கள் என்னை வழிநடத்துகின்றன. ஒன்று, அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் உள்ள ஜான்ஸ் தீவு. அந்தக் காலத்தில் அங்கே வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. கறுப்பின மக்களை ஓட்டுப் போடவிடாமல் தடுக்கவே அந்த விதியைப் பயன்படுத்தினார்கள். 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின் அறையில் பெரியவர்களுக்கு இரவுப் பள்ளி தொடங்கியது. கடை முன்னால் இருந்ததால் பின்னால் பள்ளி நடப்பது வெள்ளையர் கண்ணில் படாது. சொல்லித்தர வந்த பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் இல்லை. முடி அலங்காரம் செய்பவர், தையல் தெரிந்தவர். ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் பெரியவர்களைக் குழந்தைகளாக நடத்திவிடுவார்கள் என்று பயந்தே அவரைத் தேடிப் பிடித்தார்கள். குழந்தைகளின் பாடப் புத்தகம் இந்த மக்களுக்கு ஒத்துவராது என்று அவருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று வந்தவர்களிடமே கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் பாரத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. இப்படித் தொடங்கிய குடியுரிமைப் பள்ளிகள் பிறகு தென் மாநிலங்கள் முழுக்கப் பரவின.

இன்னொன்று பிரேசில். வடகிழக்கில் ஆஞ்சிகோஸ் என்ற ஊரில் 1963-ல் சுமார் முந்நூறு பேருக்கு, நாற்பது மணி நேர வகுப்பில் எழுத்தறிவு தர முயன்றார் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே. மக்களின் அன்றாடத்தில் புழங்குகிற சொல்லை எடுத்து, அதைப் பற்றி முதலில் பேசி, பிறகு அதன் அசைகளைப் பிரித்து, அவற்றைக் கொண்டே புதிய சொற்களை உண்டாக்குவது அவருடைய முறை. அங்கேயும் அப்போது எழுத்து தெரியாதவர்களுக்கு ஓட்டு கிடையாது. அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது. பிறகு அவர் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

இந்த இரண்டையும் அப்படியே நம்மிடம் கொண்டுவர முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1951-52 பொதுத்தேர்தலிலிருந்தே எழுத்து தெரியாதவருக்கும் ஓட்டு உண்டு. அதற்காகவே சின்னங்கள் வந்தன. என் வகுப்பில் இருக்கிற பாட்டி எத்தனையோ தேர்தலில் ஓட்டுப் போட்டவர். எழுத்து தெரியாததால் அவர் இழந்தது ஓட்டை இல்லை. இழந்தது வேறு, அது என்ன என்று அவர்தான் சொல்ல முடியும். அதனால் நான் ஒன்று சொல்லுவேன்: "வீட்டுல படிக்க முடியாம வச்சிருக்கிற காகிதம் ஒண்ணை எடுத்துட்டு வாங்க."

எங்கள் வகுப்பு உண்மையில் உருவானது அந்தக் காகிதங்களிலிருந்துதான். ஒருவர் குழுக்கடன் அட்டையைக் கொண்டுவந்தார். வாரா வாரம் பணம் கட்டுகிறார், வசூலிக்க வருபவர் அட்டையில் ஒரு கட்டத்துக்குள் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்று தெரியாது. இன்னொருவர் ஈஎஸ்ஐ மருத்துவமனைச் சீட்டு. ஒருவர் மகளின் கர்ப்பகால அட்டை. ஊரில் குலதெய்வம் கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழைக் கொண்டுவந்தவர், அதில் தன் அப்பாவின் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காடு தோட்டத்து அம்மா கொண்டுவந்தது பட்டா நகல். மடித்து மடித்து மடிப்பு விட்டுப்போன காகிதம். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டாராம். "யாருகிட்டக் காட்டறதுங்? ஆருக்கு என்ன நெனப்போ" என்றார். எழுத்து தெரியாதவர் தினமும் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். நம்ப முடியாத இடத்தில் காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதைத் தவிர வழியில்லை. அவர் வகுப்புக்கு வந்த காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது. அந்தக் காகிதத்தை நானும் படித்துக் காட்டவில்லை. "நீங்களே படிக்கிற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று மடித்துக் கொடுத்தேன். அவர் ஒரு நாளும் வகுப்பைத் தவறவிடுவதில்லை.

காகிதங்களிலிருந்து சொற்களை எடுக்கிறோம். முதல் சொல்லாக நான் பெரும்பாலும் எடுப்பது சம்பளம். ச, ம, ப, ள என நாலே எழுத்து, ஒரு புள்ளி. முதலில் அதைப் பற்றிப் பேச்சு: சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், பீஸ் ரேட்டா ஷிப்ட் கணக்கா, எத்தனை பீஸ் தைத்தோம் என்று யார் குறித்து வைக்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் அறையே சூடாகும். தைத்த பீஸ் கணக்கைத் தானே எழுதி வைக்கிற டெய்லரையும், சூப்பர்வைசர் சொல்கிற எண்ணை அப்படியே ஒத்துக்கொள்கிற டெய்லரையும் கம்பெனி நடத்துகிற விதமே வேறு. கணக்கு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் எனக்கு இது நன்றாகவே தெரியும். பேச்சு முடிந்ததும் அந்த நாலு எழுத்தை வைத்து வேறு என்ன சொல் வரும் என்று கேட்டால் பள்ளம், சமம், பளபள, சளசள என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். அணில், ஆடு, இலை என்று போகிற புத்தகம் இந்த வேகத்தைத் தராது. பத்து வயதில் ஆடு மேய்த்துப் படிப்பை இழந்தவரிடம் ஐம்பது வயதில் ஆட்டுப் படத்தைக் காட்டி ஆ சொல்லச் சொல்வது எனக்குச் சரியாகவே படவில்லை.

இனிக் கொஞ்சம் கடினமான விஷயம். ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டதால் எல்லோரும் ஒன்றாகிவிட மாட்டார்கள். கொங்குப் பக்கத்தில் மரியாதை பேச்சிலேயே இருக்கிறது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவோம். ஆனால் அந்த 'ங்க' யாருக்குக் கிடைப்பதில்லை என்று இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தூய்மைப் பணியாளராக இருக்கிற அக்கா வகுப்புக்கு வந்த முதல் நாள் வாசலை ஒட்டிச் சுவரோரமாக உட்கார்ந்தார். காடு தோட்டத்து அம்மா, தன்னைவிட ரெண்டு மூணு வயதே குறைந்த அவரை, "ஏ புள்ள, அந்தக் கதவச் சாத்து" என்றார். கோபத்தில் சொன்னதில்லை. அறுபது வருஷமாக அப்படியே பழகிய நாக்கு.

அந்த இடத்தில் நின்று சமத்துவத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றலாம். ஆற்றினால் ஒருவர் அவமானப்பட்டு வெளியே போவார். இன்னொருவர் தன்னால்தான் இந்தச் சங்கடம் என்று அவரும் வரமாட்டார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பிறகு, "வாங்கக்கா, இங்க விளக்கு வெளிச்சம் நல்லா இருக்கு, இப்படி முன்னால வந்து உக்காருங்க" என்று என் பக்கத்தில் இடம் போட்டேன். அன்றிலிருந்து பாய்களை வட்டமாகப் போடுகிறோம். வட்டத்தில் வாசலோரம் என்று ஒன்று இல்லை. தண்ணீர்க் குடம் ஒன்று, டம்ளர் ஒன்று. வகுப்பில் யாரும் யாரையும் 'ங்க' போட்டே பேசுவது என்று, குறிப்பிட்டு யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டேன். இருபத்தாறு வயதுக்காரிக்கும் அது பொருந்தும்.

அதைவிட அதிகமாக வேலை செய்தது கணக்குதான். தூய்மைப் பணியாளர் அக்கா எண்களில் கெட்டி. வேலை நாள், விடுப்பு, பிடித்தம் என்று மனக்கணக்காகவே வாழ்க்கையை ஓட்டியவர். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து கணக்குப் போடும்போது காடு தோட்டத்து அம்மாவை அவரோடு சேர்த்துவிட்டேன். கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதை அந்த அம்மாவுக்கு அவர்தான் புரிய வைத்தார். பழைய பேச்சு மாறியதா என்றால், ஒரு நாளில் மாறவில்லை. முதலில் கூப்பிடாமலே, முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார் அந்த அம்மா. அதற்குப் பல மாதம் கழித்து ஒரு நாள், "நேத்து ஏனுங் வரல?" என்று அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. வகுப்புக்கு வெளியே தெருவில் பார்க்கும்போது அப்படித்தான் பேசுகிறாரா என்று எனக்குத் தெரியாது. வகுப்புக்குள் அந்த அக்காவுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் அந்த மரியாதை கிடைக்கிறது. எழுத்து கற்றுக்கொள்ளத் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும். அது இல்லாமல் எந்தப் பயிற்சி முறையும் செல்லாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒடிசாவிலிருந்து வந்தவர் வகுப்பில் சேர்ந்தது பெரிய வரமாக அமைந்தது. கம்பெனியில் கேட்டுக் கேட்டே தமிழ் பேசுகிறார். பையன் மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படிக்கிறான். அவனுடைய டைரியில் டீச்சர் எழுதி அனுப்புவதைப் படிக்க வேண்டும், அதற்காகவே வந்தார். ஒடியாவில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். முதல் நாள் கரும்பலகையில் எல்லோருடைய பெயரையும் ஒடியா எழுத்தில் எழுதிக் காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் தலையில் குடை கவிழ்த்த மாதிரி வளைவு. தேனி அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இம்புட்டு எழுதத் தெரிஞ்சவ நீ எங்ககூட வந்து உக்காந்திருக்க?" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "உக்காந்திருக்கீக" என்று திருத்தினார். எழுதத் தெரிந்த ஒருத்தியே தமிழ் எழுத்துக்கு முன்னால் ஒன்றுமறியாமல் நிற்பதைப் பார்த்தபோது, எழுத்து தெரியாமல் இருப்பதும் மூளை இல்லாமல் இருப்பதும் வேறு வேறு என்று எல்லோருக்கும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. நான் நூறு முறை வாயால் சொன்னாலும் அப்படிப் பதியாது.

அவர் கேட்ட சந்தேகங்களும் நல்ல பாடமாயின. ஒடியாவில் க ஒலிக்கே நாலு எழுத்து உண்டு. நாம் 'கங்காணி' என்று எழுதுவதில் முதல் க-வும் அடுத்த கா-வும் ஒரே எழுத்து, ஒலி மட்டும் வேறு. "எங்க எப்பிடி சொல்றது, எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். தமிழே பேசி வளர்ந்த எல்லோரும் திகைத்துப் போய் 'கங்காணி, கங்காணி' என்று சொல்லிப் பார்த்தார்கள். "முன்னால மூக்குல வர்ற எழுத்து இருந்தா அழுத்தாமச் சொல்லணும்" என்று கடைசியில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். சொன்னவர் மெய்யெழுத்தே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தவர். தான் பேசுகிற மொழியில் தனக்கு ஒரு ஞானம் இருக்கிறது, அதை இன்னொருவருக்குத் தர முடியும் என்று தெரிந்த அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த களையை நான் மறக்க மாட்டேன்.

எல்லோரையும் உற்சாகப்படுத்துகிற ஒன்று, வகுப்பைக் காலி பண்ணிவிடவும் கூடும். கையெழுத்தைத்தான் சொல்கிறேன். தன் பெயரை எழுதப் பழகியவர் அடுத்த வாரமே வங்கியில் மை ஒற்றும் அட்டையைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். கைநாட்டு என்ற அவமானத்தைப் போக்கத்தான் வந்தோம், அது போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அதில் ஆபத்தும் இருக்கிறது. கைநாட்டு வைப்பவருக்கு எதிரில் இருக்கிறவர் கொஞ்சமாவது படித்துச் சொல்வார். கையெழுத்துப் போடுகிறவருக்குப் படிக்கவும் தெரியும் என்று நினைத்து வெறுமனே இடத்தைக் காட்டுவார். அதனால் எங்கள் வகுப்பில் பெயர் எழுதக் கற்ற அன்றே தொகை எழுதவும், 'கடன்', 'வட்டி', 'ஜாமீன்' என்ற மூன்று சொற்களைக் கண்டால் நிறுத்தவும் பழக்குகிறோம். அந்தச் சொற்கள் இருக்கிற காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லவும் பழகுகிறோம். ஒருவர் குழுக்கடன்காரராக நடிப்பார், இன்னொருவர் அவரிடம் வாதாடுவார். சிரிப்பும் கூச்சலுமாகப் போகும். அடுத்த வாரம் ஆள் குறைவதில்லை.

வருகைப் பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பூரில் ஷிப்மென்ட் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓடும். காலை எட்டரைக்குப் போனவர் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார். குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் பாதிப் பேர் வரமாட்டார்கள். பள்ளிக்கூடம் போல நேற்றைய பாடத்தின் மேல் இன்றைய பாடத்தை அடுக்கினால், நாலு நாள் விட்டவர் அஞ்சாம் நாள் வந்து முழிப்பார். ஆறாம் நாள் வரமாட்டார். ஆகவே ஒவ்வொரு மாலையும் அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிகிற பாடமாக அமைக்கிறேன். ஒரு காகிதம், ஒரு சொல், அதிலிருந்து பிறக்கிற சொற்கள், ஒரு கணக்கு. ஏன் வரவில்லை என்று வந்தவரிடம் கேட்பதில்லை. வந்ததும் டீயைக் கொடுத்துவிட்டு அன்றைய காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். யாராவது தொடர்ந்து வராவிட்டால் பக்கத்து லைன் வீட்டு அக்கா போய்ப் பார்த்து வருவார். பெரும்பாலும் உடம்பு சரியில்லாமல் இருக்கும். அல்லது கணவன் சண்டை போட்டிருப்பான்.

ஆண்கள் வருவது குறைவு. பெண்கள் முன்னால் தெரியாது என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். லோடு ஏற்றுகிற அண்ணன் ஒருவர் சின்ன வேன் ஓட்டுநராக வேண்டும் என்று வந்தார். சரக்கு வண்டி உரிமத்துக்கு எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் நீங்கிவிட்டது. அதன் பிறகு அவருக்கு மிச்சம் இருந்த தடை எல்எல்ஆர் தேர்வுக் கேள்விகளைப் படிப்பதுதான். அவருக்காகச் சாலைக் குறியீடுகளைப் பாடமாக வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்களுக்கென்று தனியாக நடத்தினால் இன்னும் சிலர் வருவார்கள் என்று அவரே சொன்னார். அப்படியே செய்கிறோம்.

என் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லுடைக்கிற பெண்கள் ரோட்டில் சைக்கிளில் போனதை நானே பார்த்திருக்கிறேன். கல்குவாரிகளையே பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். எழுத்து என்பது கூலியோடும் ரோட்டோடும் சேர்ந்து வந்ததால்தான் ஊரே கிளம்பிப் போய்ப் படித்தது. ஆனால் அப்போது எழுதப் பழகிய என் பெரியம்மா இன்று ஒரு வரி படிக்கத் திணறுகிறார். இயக்கம் போன பிறகு அவர் கையில் படிக்க எதுவும் கிடைக்கவில்லை. சைக்கிளை மட்டும் மறக்கவில்லை. தினமும் ஓட்ட வேண்டியிருந்ததே. கற்றுக்கொடுத்து முடித்த பிறகு என்ன என்று யோசிக்காத எழுத்தறிவுத் திட்டங்கள் எல்லாவற்றின் மேலும் எனக்கு இருக்கிற வருத்தம் இதுதான்.

இப்போதைய திட்டத்தில் கற்றல் முடிந்ததும் ஒரு தேர்வு உண்டு. படித்தல், எழுதுதல், எண்கணக்கு, ஒவ்வொன்றுக்கும் ஐம்பது, மொத்தம் 150 மதிப்பெண். பெரியவர்களைப் பயமுறுத்தாத தேர்வுதான். பேத்தியின் பள்ளியிலேயே போய்ப் பாட்டி தேர்வு எழுதுவதும், பேத்தி வெளியே பென்சில் சீவிக் கொடுப்பதும் பார்க்க நிறைவாக இருக்கும். எங்கள் வகுப்பில் தேர்வு எழுதி முடித்தவர்கள், "அப்ப நாளைக்கு வர வேண்டாங்களா?" என்று கேட்டார்கள். அவர்களுக்காக வியாழக்கிழமையை ஒதுக்கியிருக்கிறோம். அன்றைக்குப் பாடம் கிடையாது. செய்தித்தாள், கோயில் நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, பிள்ளைகளின் பள்ளி டைரி என்று அவரவர் கொண்டுவந்ததைச் சத்தமாகப் படிக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்ததில் எது உண்மை எது புளுகு என்று சண்டையும் போடுகிறோம். காடு தோட்டத்து அம்மா பட்டாவில் சர்வே எண்ணையும் தன் பெயரையும் படித்துவிட்டார். நாலு பக்க எல்லை எழுதியிருக்கிற பழைய பத்திரத்தை அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பத்திரத் தமிழ் எனக்கே கடினம். தெரிந்தவர்கள் யாராவது வியாழக்கிழமை மாலை வந்து எங்களோடு உட்கார முடியுமானால் சொல்லுங்கள்.